கட்டாடின் உச்சிக்கு இரண்டு பேராகப் போய்ச் சேர்வது

அமெரிக்காவின் நெடுந்தூர நடைபாதையான அப்பலாச்சியன் டிரெயிலை வடக்கு நோக்கி நடப்பவர்களுக்கு ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடக்கம், மெயின் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிவு. மொத்தம் 14 மாநிலங்கள், 2,190 மைலுக்கும் சற்று அதிகம்; கிலோமீட்டரில் சொன்னால் 3,500. என்ன ஷூ வாங்குவது, எந்த டென்ட் தாங்கும் என்றெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது கடைசி 150 மைலைப் பற்றி மட்டும்தான். அதுவும், வழியில் அமைந்த ஒரு துணையோடு அந்தத் தூரத்தை நடந்து முடிப்பது எப்படி என்று.

நான் மார்ச்சில் தனியாகத்தான் கிளம்பினேன். வர்ஜீனியாவில் ஒரு மழை இரவில், நடப்பவர்கள் இரவு தங்கும் ஷெல்டரின் ஓரத்தில் எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தவர் அப்புறம் ஆயிரம் மைலுக்கு மேல் என்னோடு நடந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, தோழி என்றே சொல்கிறேன். இந்தப் பாதையில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும். இறக்கத்தில் முழங்கால் வலிக்கும்போது "மெதுவா, மெதுவா" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதற்கு என்ன அர்த்தம் என்று தோழி கேட்டார். மறுநாளிலிருந்து என் பெயர் "மெதுவா" ஆகிவிட்டது.

முதலில் செய்ய வேண்டியது: முடிவைப் பற்றிப் பேசுவது. நடக்கும்போது இரண்டு பேர் எல்லாவற்றையும் பேசுவார்கள். கொப்புளம், சாப்பாடு, பிள்ளைகள், பழைய கோபங்கள், எதுவும் பாக்கி இருக்காது. முடிவை மட்டும் பேச மாட்டார்கள். பேசினால் அது பக்கத்தில் வந்துவிடும் என்று ஒரு பயம். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. ஐந்து மாதம் ஒரே பானையில் கிளறிச் சாப்பிட்ட இரண்டு பேர், உச்சியில் என்ன வேண்டும் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

கேட்க நல்ல இடம் கென்னபெக் ஆற்றங்கரை. கேரட்டங்க் ஊருக்குச் சற்று முன்னால், முடிவுக்கு இன்னும் 150 மைல் இருக்கும்போது வருவது அது. அந்த ஆற்றை நடந்து கடக்கவே கூடாது. மேலே அணையிலிருந்து தண்ணீர் திறந்தால் சொல்லாமல் கொள்ளாமல் மட்டம் ஏறும்; 1985-இல் ஒரு ஹைக்கர் அங்கே மூழ்கி இறந்திருக்கிறார். அதற்குப் பிறகு ஹைக்கர்களுக்கென்றே இலவசமாகத் தோணி விடுகிறார்கள். தோணிக்காரர் இருக்கும் நேரம் குறைவு, பருவத்துக்குப் பருவம் மாறும், முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நேரம் தவறினால் கரையிலேயே ஒரு இரவு தங்க வேண்டியதுதான். நாங்கள் காத்திருந்தது இரண்டு மணி நேரம். வேறு வேலை இல்லாததால்தான் அந்தப் பேச்சு வந்தது.

தோணி வந்தது. உயிர்காப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு, மூட்டைகளை நடுவில் வைத்து உட்கார்ந்தபோதுதான் கீழே பார்த்தேன். தோணியின் அடித்தளத்தில் வெள்ளைக் கோடு தீட்டியிருந்தது. ஜார்ஜியாவிலிருந்து மரத்திலும் பாறையிலும் வழிகாட்டியாகப் பார்த்து வந்த அதே இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரக் கோடு. அந்தத் தோணியும் பாதையின் ஒரு பகுதி என்று அதற்கு அர்த்தம். தோழி குனிந்து அதை விரலால் தொட்டுவிட்டு, "உச்சியில் எனக்குக் கூட்டம் வேண்டாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நானோ, வழியில் பார்த்துப் பழகிய எல்லோரையும் சேர்த்துக்கொண்டு போய் ஒரே படத்தில் நிற்க வேண்டும் என்று மாதக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே, உங்கள் துணையிடம் இந்த நான்கையும் கேட்டுவிடுங்கள். உச்சியில் யார் யார் இருக்க வேண்டும்? கீழே காத்திருக்க வீட்டார் வருகிறார்களா, என்றைக்கு? வானிலை மோசமானால் திரும்ப முடிவெடுப்பது யார்? ஒருவருக்கு அடிபட்டால் மற்றவர் தனியாகப் போய் முடிக்கலாமா? கடைசிக் கேள்விதான் கஷ்டமானது, அதனால் கட்டாயம் கேளுங்கள். தோழி உடனே "போ" என்றார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை, ஒருநாள் எடுத்துக்கொண்டுதான் நானும் "போங்கள்" என்று சொன்னேன். அப்படி ஒருநாள் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. மலையடிவாரத்தில் வைத்து யோசிக்க ஆரம்பித்தால்தான் தவறு.

வீட்டார் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தோழியின் அக்கா குடும்பம் குறிப்பிட்ட ஒரு தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டது. கட்டாடினுக்கு நம் டிக்கெட் தெரியாது. வருகிறவர்களிடம் ஒரு தேதியைச் சொல்லாமல், "இந்த நான்கு நாளுக்குள்" என்று சொல்லுங்கள். கட்டாடின் இருக்கும் பாக்ஸ்டர் பூங்காவுக்குள் அநேகமாக எங்கும் போன் சிக்னல் கிடைக்காது என்பதையும் சொல்லி வையுங்கள். கட்டாடினுக்குப் போகும் பாதைகளின் வாசலில் காரை நிறுத்த முன்பதிவு வேண்டும். அது தெரியாமல் வருகிறவர்களைப் பூங்கா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

சரி, நூறு மைல் காட்டுக்கு வருவோம்.

மான்சன் கடைசி ஊர். அதைத் தாண்டியதும் "100 மைல் வனாந்தரம்" தொடங்குகிறது. குறைந்தது பத்து நாள் உணவு இல்லாமல் உள்ளே போகாதீர்கள் என்று நுழைவில் பலகை வைத்திருக்கிறார்கள். இவ்வளவு தூரம் நடந்து கால் இறுகியவர்கள் பலர் ஐந்து முதல் ஏழு நாளில் முடித்துவிடுவார்கள். நாங்கள் எட்டு நாள் உணவு எடுத்தோம், அந்தக் கூடுதல் நாள்தான் எங்களைக் காப்பாற்றியது. இரண்டு பேர் போகும்போது உணவைக் கணக்கிட வேண்டியது வேகம் குறைந்தவரை வைத்துத்தான். யார் வேகம் குறைந்தவர் என்பது நாளுக்கு நாள் மாறும், அதையும் மனதில் வையுங்கள். ஏற்றத்தில் நான் முன்னே போவேன், இறக்கத்தில் அவர் முன்னே. அதனால் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு நடக்க மாட்டோம். ஒரு ஓடை, ஒரு ஷெல்டர் என்று இடம் குறித்துக்கொண்டு அங்கே சந்திப்போம். முதலில் வந்தவர் தண்ணீர் வடிகட்டி வைக்க வேண்டும். இது மட்டும்தான் எங்கள் விதி.

ஓடை கடப்பது மட்டும் விதிவிலக்கு. பிக் வில்சன், லாங் பாண்ட் போன்ற ஓடைகளுக்குப் பாலம் கிடையாது, தண்ணீரில் இறங்கித்தான் கடக்க வேண்டும். வெயில் நாளில் முழங்காலளவு, மழைக்குப் பிறகு ஆளை இழுத்துக்கொண்டு போகும் அளவு. முன்னே போனவர் அங்கே நின்றே ஆக வேண்டும். இடுப்புப் பட்டியையும் மார்புப் பட்டியையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் மூட்டையை உதறிவிட்டு எழ அதுதான் வழி. வெறுங்காலோடு இறங்காதீர்கள். கைத்தடியைத் தண்ணீர் வரும் பக்கம் ஊன்றி, அந்தப் பக்கமே முகத்தை வைத்துப் பக்கவாட்டில் நகருங்கள். ஒருவர் கடக்கும்போது மற்றவர் கரையில் நின்று பார்க்கட்டும். தண்ணீர் கலங்கி, சத்தம் மாறி வந்தால் உட்கார்ந்து காத்திருங்கள். மழை நின்ற சில மணி நேரத்தில் மட்டம் இறங்குவதை நானே பார்த்தேன்.

சேர்பேக் மலைத் தொடரின் இறக்கத்தில் தோழியின் கணுக்கால் பிசகியது. ஈரமான வேர், வேறொன்றுமில்லை. வீங்கியதே தவிர எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றைக்கு ஆறு மைல்தான் போக முடிந்தது. அந்தக் காட்டில் நடுநடுவே மரம் ஏற்றிப் போகும் மண் சாலைகள் குறுக்கிடும். வெளியேற அவைதான் வழி, வரைபடத்தில் அவற்றைக் குறித்து வைத்திருங்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்று இருவரில் ஒருவரிடம் இருக்கட்டும். அதை இயக்க இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். எங்கள் கருவி என் மூட்டையில் இருந்தது, தோழிக்கு அதை இயக்கத் தெரியாது என்பது அன்றுதான் தெரிய வந்தது. விழுந்தது நானாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து, அன்றிரவே அரை மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தேன். அவர் மூட்டையிலிருந்து உணவுப் பையையும் ஸ்டவ்வையும் என் மூட்டைக்கு மாற்றினேன். முதலில் வேண்டாம் என்றார். இரண்டாவது முறை கேட்டதும் பையைத் திறந்து கொடுத்தார்.

ஒயிட் கேப் மலையின் வடபுறத்தில் கட்டாடின் முதன்முதலாக நன்றாகத் தெரியும். நடந்து போக இன்னும் எழுபது மைலுக்கு மேல் இருக்கும், ஆனால் மற்ற மலைகளோடு சேராமல் தனியாக உட்கார்ந்திருப்பதால் சந்தேகமே வராது. அங்கே கொஞ்சம் நேரம் கொடுங்கள். நாங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், பத்து வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டோம்.

இனி, கடைசி 15 மைலுக்கான ஏற்பாடுகள். இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் பாக்ஸ்டர் மற்ற பூங்காக்களைப் போல இல்லை. மெயினின் முன்னாள் ஆளுநர் பெர்சிவல் பாக்ஸ்டர் தன் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி, 1931 முதல் 1962 வரை பகுதி பகுதியாக மாநிலத்துக்குக் கொடுத்தது அது. காடு காடாகவே இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. மனிதர் வசதி அங்கே இரண்டாவதுதான். அதை மதித்து உள்ளே போனால் எந்தச் சிக்கலும் வராது.

பெனாப்ஸ்காட் ஆற்றின் மேலிருக்கும் அபோல் பாலத்தைத் தாண்டியதும் பூங்கா எல்லையில் தகவல் பலகை இருக்கும். நெடுந்தூரம் நடந்து வருபவர்களுக்கென்றே பூங்காவுக்குள் "பர்ச்சஸ்" என்ற தங்குமிடம் உண்டு. ஓர் இரவுக்கு 12 பேருக்குத்தான் இடம், ஓர் இரவுதான் தங்கலாம், கட்டணத்துக்கு ரொக்கமாக டாலர் வைத்திருங்கள். தகவல் பலகையில் உள்ள தாளில் பெயர் எழுதிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பதினோரு பெயர் இருந்தால் உங்களில் ஒருவருக்குத்தான் இடம் என்பதால், பாலத்தருகே முந்தின இரவு தங்கிக் காலையில் சீக்கிரம் வருவது நல்லது. மலையடிவாரத்துக் கட்டாடின் ஸ்ட்ரீம் முகாமில் பூங்காக் காவலரான ரேஞ்சரைப் பார்த்து அனுமதி அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆளுக்கு ஒன்று. நாய்க்கு அனுமதி இல்லை. 12 பேருக்கு மேல் குழுவாக ஏறக் கூடாது. பொது இடத்தில் மது அருந்துவது குற்றம், உச்சியில் பாட்டில் திறக்கும் எண்ணம் இருந்தால் ஊரிலேயே விட்டுவிடுங்கள். அக்டோபர் நடுவோடு பூங்காவில் இரவு தங்கும் பருவம் முடிந்துவிடும். செப்டம்பர் முடிவதற்குள் மலைக்கு வந்து சேரும்படி திட்டமிடுங்கள்.

பெரிய மூட்டையை ரேஞ்சர் நிலையத்தில் வைத்துவிட்டுச் சிறிய பையோடு ஏறலாம். பை இல்லாதவர்களுக்கு அங்கேயே இரவல் தருகிறார்கள். பையில் என்ன போடுவது என்பதில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். குளிருக்கு ஒரு மேலாடை, மழைச் சட்டை, கையுறை, தலைவிளக்கு, நாள் முழுவதற்குமான உணவு, இரண்டு லிட்டர் தண்ணீர். ஆளுக்கு ஒன்று, இருவருக்கும் சேர்த்து அல்ல.

முகாமிலிருந்து உச்சிக்குப் போகும் ஹன்ட் டிரெயில் ஒரு வழி 5.2 மைல்தான். ஆனால் அதில் நான்காயிரம் அடிக்கு மேல் ஏற வேண்டும், போய்வர எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். ஒரு மைலுக்குச் சற்று மேல் போனால் அருவி. அதுவரை சாதாரண காட்டுப் பாதை. மரங்கள் முடிந்ததும் பாறைகள் தொடங்கும். கைத்தடியை மடித்துப் பையில் செருகிவிடுங்கள், இனி கைகள்தான் வேண்டும். சில இடங்களில் பாறையில் இரும்புக் கம்பிகளை அடித்து வைத்திருக்கிறார்கள். தோழி உயரம் குறைவு, முதல் கம்பிக்கு அவர் கால் எட்டவில்லை. நான் கீழே நின்று என் தொடையைப் படியாகக் கொடுத்தேன். அவர் ஏறி, வயிற்றால் பாறையில் படுத்து, ஒரு கையை எனக்கு நீட்டினார். அந்தக் கை எனக்குத் தேவைப்பட்டது.

இதை நாங்கள் இரண்டு முறை செய்தோம். முதல் நாள் பாறைகளின் பாதியில் மேகம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் கோடு தெரியவில்லை, காற்று ஆளைத் தள்ளியது, பாறை சோப்பு போட்டதுபோல வழுக்கியது. கீழே தோழியின் அக்கா காத்திருந்தார். ஆற்றங்கரையில் நாங்கள் பேசி வைத்தது இதுதான்: இருவரில் யார் "திரும்பலாம்" என்றாலும் திரும்ப வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. நான்தான் சொன்னேன். அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பி, கம்பியில் காலை வைத்தார். முன்கூட்டிப் பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பாறையிலேயே நின்று சண்டை போட்டிருப்போம், அல்லது நான் வாயை மூடிக்கொண்டு ஏறியிருப்பேன்.

அக்கா குடும்பம் மறுநாள் ஊர் திரும்பியது. நாங்கள் பக்கத்து ஊரான மில்லினாக்கெட்டில் இரண்டு இரவு தங்கிக் காத்திருந்து, மூன்றாம் நாள் விடியுமுன் வாடகை வண்டியில் முகாம் வாசலில் வந்து இறங்கினோம். கடைசியில் கையில் இரண்டு மூன்று நாள் வைத்திருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். ரேஞ்சர் காலையில் ஒட்டும் வானிலைத் தாளைப் படித்துவிட்டே கிளம்புங்கள். விடிகாலையில் ஏறத் தொடங்குங்கள். செப்டம்பர் கடைசியில் மாலை ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும்.

பாறைகள் முடிந்ததும் மேட்டுச் சமவெளி. ஒரு மரமும் இல்லாத, கல்லும் சின்னஞ்சிறு செடியுமான வெளி. அந்தச் செடிகள் ஒரு விரலளவு வளரவே பல வருடம் எடுக்கும், அதனால் கல்மேல் மட்டும் கால் வையுங்கள். அங்கே தோரோ ஊற்று என்று ஒன்று இருக்கிறது. 1846-இல் எழுத்தாளர் தோரோ இந்த மலையில் ஏறியதன் நினைவாக வைத்த பெயர். தண்ணீருக்கு அதை நம்ப வேண்டாம். அங்கிருந்து உச்சிக்குச் சரியாக ஒரு மைல்.

எங்கள் இரண்டு ஆசைகளுக்கும் நடுவே நாங்கள் கண்டுபிடித்த ஏற்பாடு அந்த ஊற்றில்தான் தொடங்கியது. அவர் முன்னே போவார், நான் கால் மணி நேரம் கழித்துக் கிளம்புவேன். உச்சியில் இருக்கும் பலகையை அவர் தனியாகத் தொடுவார், பிறகு நான் தனியாக. அதற்குப் பிறகு யார் இருந்தாலும் சேர்ந்து படம். உங்கள் ஏற்பாடு வேறு மாதிரி இருக்கலாம், கைகோத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. ஆனால் கடைசி மைலை எப்படி நடப்பது என்பதை அந்த ஊற்றைத் தாண்டுமுன் முடிவு செய்துவிடுங்கள்.

கட்டாடினின் உச்சியான பாக்ஸ்டர் உச்சி 5,267 அடி. பக்கத்திலேயே ஆளுயரத்தைவிட உயரமாக ஒரு கற்குவியல். நான் போனபோது தோழி அந்தக் குவியலுக்குப் பின்னால், காற்றுப் படாத பக்கம் உட்கார்ந்து ஸ்டவ்வைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பலகையைத் தொட்டேன். மரம் சில்லென்று இருந்தது, எழுத்துகளின் ஓரம் பல கைகள் பட்டுத் தேய்ந்திருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அப்புறம் தேநீர் வாசனை வந்தது.

உச்சியில் அழுகை வரும் என்று நினைத்து வந்து, வராமல் திகைப்பவர்கள் உண்டு. எனக்கும் வரவில்லை. உங்கள் துணை அழுதால் பக்கத்தில் இருங்கள், அழாவிட்டால் ஏன் என்று கேட்காதீர்கள்.

அப்புறம் இறங்க வேண்டும். 2,190 மைல் முடிந்துவிட்டது என்ற நினைப்பில் ஏறிய அதே பாறையில் களைத்த காலோடு இறங்குவது ஆபத்து. உச்சியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்காதீர்கள், மேலே ஏற எவ்வளவு நேரம் ஆனதோ அதே அளவு இறங்கவும் ஒதுக்குங்கள்.

ஊருக்கு வந்ததும் அன்றே பிரியாதீர்கள். இரண்டு இரவாவது ஒரே இடத்தில் தங்குங்கள். பொதுவாக வாங்கிய பொருள்களை உட்கார்ந்து பிரித்துக்கொள்ளுங்கள், பாக்கிப் பணத்தைத் தீருங்கள். அப்பலாச்சியன் டிரெயில் அமைப்புக்கு அனுப்பும் "2,000 மைல்காரர்" விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்புங்கள். யாரும் வந்து சரிபார்க்கப் போவதில்லை, நாம் சொல்வதை நம்பித்தான் சான்றிதழ் தருகிறார்கள். எந்தெந்தத் துண்டில் யாருக்கு என்ன நடந்தது என்று அந்தத் தாளை வைத்துக்கொண்டு நாங்கள் பாதி இரவு பேசினோம். அடுத்த முறை பேசும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வீடு போய்ச் சேர்ந்த முதல் சில வாரங்கள் கனமானவை. பசி பழையபடியே இருக்கும், நடை இருக்காது. சுவருக்குள் தூக்கம் வராது. அதை விளக்காமலே புரிந்துகொள்ள அந்த ஒரு ஆள்தான் இருப்பார். நாங்கள் ஞாயிறு மாலை என்று வைத்துக்கொண்டோம்.

மெட்வேயிலிருந்து பேங்கர் போகும் பஸ்ஸில் நான் ஏறினேன். தண்ணீர் வடிகட்டி என்னிடம், ஸ்டவ் அவரிடம். படியில் கால் வைத்தபோது முழங்கால் மடங்க மறுத்தது. பின்னாலிருந்து தோழி, டகரத்தை அழுத்தித் தனக்கே உரிய உச்சரிப்பில், "மெட்டுவா" என்றார்.